நாலு வாளியில் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே வண்டியில் கொட்டினால் என்ன பயன்? (மதுரைக் குப்பை)

வைகைவடகரை

வெள்ளிக்கிழமை காலை நடந்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழை. எங்கள் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னதும் எங்கள் வீட்டில் முதலில் இறங்கியவர் அவர்தான். காய்கறித் தோல், காபிச் சக்கை, வாடிய பூ எல்லாம் பச்சை வாளி. பால் பாக்கெட்டை வெட்டி, உள்பக்கம் கழுவி, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, அப்புறம்தான் நீல வாளியில் போடுவார். வெள்ளிக்கிழமை நானும் வாசலில் நின்றேன். வண்டி வந்தது. பச்சை வாளியை வாங்கிக் கவிழ்த்தார்கள், அதன் மேலேயே நீல வாளியையும் கவிழ்த்தார்கள். ரசம் சாதத்தின் மேல் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட். மாமியார் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கொடியில் பாக்கெட் இல்லை.

ஏப்ரல் 1 முதல் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026 நடைமுறைக்கு வந்துவிட்டன. இனி ஈரக் குப்பை, உலர் குப்பை, டயப்பர் நாப்கின் போன்ற சானிட்டரி குப்பை, பல்பு, பெயிண்ட் டப்பா, பழைய மருந்து மாதிரி தனிக் கவனம் தேவைப்படும் குப்பை என்று நாலாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டையே ஒன்றாகக் கொட்டும் வண்டியிடம் நாலைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? பிரிப்பது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குச் சொல்லும் பாடத்தில் பாதியையாவது வண்டிக்கும் சொல்ல வேண்டாமா? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பைபாஸ்காரன்

அக்கா, உங்கள் மாமியார் மாதிரி நூறு வீட்டுக்கு ஒருவர் இருந்தால் பெரிது. மற்ற 99 வீட்டை நம்பி ஒரு கொள்கை வகுத்தால் அது நிற்காது. மத்திய அரசின் 2024-25 தூய்மைக் கணக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரை நாற்பதாவது இடம். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மீனாட்சி அம்மன் கோயிலைத் தூய்மையான அடையாளச் சின்னங்களில் ஒன்றாக்க முதல் பட்டியலிலேயே எடுத்தார்கள், அந்தக் கோயில் நிற்கும் ஊர் கடைசி. என் யோசனை நேரானது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றைப் பெரிதாகக் கட்டிவிடலாம். வாளியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

உலகனேரி

பைபாஸ் தம்பி, நாட்டில் இது ஏற்கெனவே செய்து பார்த்த காரியம். டெல்லி திமார்பூரில் 1987-லேயே நாளுக்கு 300 டன் எரிக்கும் ஆலை கட்டினார்கள். நம் குப்பை எரியவில்லை. எரிய வேண்டிய சூடு அதில் இல்லாததால் மூடினார்கள். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்து வருவது, அதாவது தண்ணீர். வாழை இலையையும் முருங்கைக்காய்ச் சக்கையையும் எரிக்க வேண்டுமென்றால் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்க எரிபொருள் போட வேண்டும். ஈரத்தைத் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால்தான் ஆலைக்கே லாபம். ஆக எரிக்கும் ஆலைக்கும் வாசலில் பிரித்தாக வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது.

சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் விளைவுதான் 2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள். அதிலேயே பிரிக்கச் சொல்லியிருந்தது. 2016 விதிகள் அதை மூன்றாக்கின, குப்பை பொறுக்குபவர்களையும் இந்த ஏற்பாட்டுக்குள் சேர்க்க வேண்டும் என்றன, ஒரு கிலோவுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல் எரிசக்தி உள்ள எதையும் மண்ணில் புதைக்கக் கூடாது என்றன. இப்போது 2026, நாலு. இத்தனை வருடமும் விதியில் குறை இல்லை, விதி வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு அப்புறம் ஓடுவது ஒப்பந்தம். விதியைப் படிக்கும் அளவுக்கு நாம் யாரும் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை.

ஈயம்பித்தளை

நான் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. அவர் சைக்கிளில் ‘பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிப் போனவர். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வைகைவடகரை அக்கா சொன்ன அந்தப் பால் பாக்கெட் இருக்கிறதே, கழுவிக் காய்ந்தது என்றால் நான் கிலோ போட்டுக் காசு கொடுத்து வாங்குவேன். அதே பாக்கெட்டில் பால் ஒட்டிப் புளித்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், ஏனென்றால் என்னிடம் வாங்குகிறவர் மூட்டையைப் பிரித்ததும் முதலில் மோந்து பார்ப்பார். ஒரு மூட்டை நாறினால் லோடு முழுக்க விலையைக் குறைப்பார். அட்டைப்பெட்டியும் அப்படித்தான். நனைந்த அட்டை எடை கூடத்தான் செய்யும், ஆனால் ஆலையில் ஈரத்துக்கு எடையைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். நோட்டுப் புத்தகம், தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, இரும்பு, அலுமினியம், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் போகும். போகாதது எது தெரியுமா, பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு பொட்டலம். பளபள என்று இருக்கும் உறை. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடக்கும், பிரித்தெடுக்க முடியாது. டீக்கடைப் பேப்பர் கப்பும் அதே கதை, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு.

ஒரு பொருளைக் குப்பை ஆக்குவது சாம்பார்தான் என்று அப்பா சொல்வார். காலையில் ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் இருக்கும்போது அதற்கு விலை உண்டு, ஆறரைக்கு வண்டியில் விழுந்ததும் விலை போய்விடும், அப்புறம் அதை அள்ள, ஏற்ற, கொண்டு போய்க் கொட்ட நாம்தான் காசு கொடுக்கிறோம்.

பைபாஸ்காரன்

அண்ணே, அந்தப் பளபள உறைக்கு வழியே இல்லையா? நம்மூர் பிளாஸ்டிக் சாலை இருக்கிறதே.

ஈயம்பித்தளை

அதைப் பற்றி நான் கேள்விப்பட்டதோடு சரி தம்பி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கல்லூரிச்சாலை

நான் சொல்கிறேன், அந்தக் கல்லூரியில் படித்தவன். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே போட்டுக் காட்டிய முறை அது. பத்மஸ்ரீ 2018-ல் கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கைத் தாரோடு உருக்குகிறார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவினால் அது இளகிக் கல்லைச் சுற்றித் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் தார். கல்லுக்குள் தண்ணீர் இறங்காது, பிடிப்பும் கூடும். கேரி பேக், பால் கவர், அந்தப் பளபள உறை எல்லாம் இதற்கு ஆகும். பிவிசி மட்டும் கூடாது, சூட்டில் விஷ வாயு வரும். ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டர் போட்டால் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் உள்ளே போகும், அந்த அளவுக்குத் தார் மிச்சம்.

ஆனால் கவனியுங்கள், இதுவும் காய்ந்த, சுத்தமான பிளாஸ்டிக்கைத்தான் கேட்கிறது. ஈரப் பிளாஸ்டிக் நறுக்கும் இயந்திரத்தில் சுருண்டு மாட்டிக்கொள்ளும். உலகத்துக்கே கற்றுக்கொடுத்த முறை நம் ஊரில் பிறந்தது, அதற்கு வேண்டிய மூலப்பொருளை நம் ஊரே சாம்பாரில் நனைத்துத் தூக்கிப் போடுகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கொடிக்கால்

சோழவந்தான் பக்கத்து விவசாயி. உரம் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் மக்கிய நகரக் குப்பை உரம் என்று ஒரு டிராக்டர் லோடு இறக்கினேன். எந்த ஊரிலிருந்து என்பது வேண்டாம். பார்க்க நல்ல கறுப்பு, நாற்றமும் இல்லை. கத்தரிக்குப் பாத்தி கட்டும்போது கையால் கிளறிய என் மனைவிக்கு உள்ளங்கையில் ஒரு கோடு, ரத்தம். பார்த்தால் கண்ணாடி. அரிசி அளவுக்கு, மிளகு அளவுக்கு, மண்ணோடு மண்ணாக. சல்லடை போட்டுச் சலித்தோம், மாத்திரை அட்டையின் வெள்ளித் துண்டு, சேஃப்டி பின், பேனா மூடி, ஷாம்பு பொட்டலத்தின் மூலை. பெரியதைச் சலித்துவிடலாம், அரிசி அளவைச் சலிக்க முடியாது. நடவு ஆட்கள் வெறுங்காலோடு இறங்கும் வயல் அது. அந்த லோடை அப்படியே வரப்போரம் தள்ளிவிட்டேன், இன்னும் அங்குட்டுத்தான் கிடக்கிறது, மழை பெய்து வெயிலடித்தால் மினுங்கும்.

அதற்காக நகரத்துக் குப்பை வேண்டாம் என்று சொல்பவன் இல்லை. இப்போது பரவை மார்க்கெட் கழிவைத்தான் நேராக எடுக்கிறேன். முட்டைக்கோஸ் இலை, தக்காளி, வாழைத்தார்க் காம்பு. சாணமும் காய்ந்த சருகும் மாற்றி மாற்றி அடுக்கினால் நாலாம் நாள் குவியலுக்குள் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு, அறுபது டிகிரி தொடும். அந்தச் சூட்டில்தான் களை விதையும் புழுவும் சாகும். எங்கள் பக்கம் மண்ணில் மக்கு இல்லாமல் போய்விட்டது, மூட்டை உரத்தை மட்டும் போட்டுப் போட்டு மண் கட்டி தட்டுகிறது. நகரத்தில் இருந்து சுத்தமான மக்கு வந்தால் வரிசையில் நின்று வாங்குவோம். மதுரைக் குப்பையைக் கொண்டு போய்க் கொட்டும் வெள்ளக்கல்லுக்குப் பெயரே உரக்கிடங்குதானே. அந்தக் காலத்தில் ஊர்க் குப்பையை வண்டி கட்டி வாங்கிப் போய் வயலில் போட்டார்கள், அதனால் வந்த பெயர். அப்போது குப்பையில் கண்ணாடியும் ஷாம்பு பொட்டலமும் இல்லை.

இலைச்சாப்பாடு

மெஸ் நடத்துகிறேன், என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் எச்சில் இலை, மிச்சச் சோறு எதுவும் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. மாடு வளர்க்கும் ஒருவர் இலையை எடுக்க மதியம் மூன்று மணிக்கு டிரம்மோடு வந்துவிடுவார். அவரிடம் ஒரே நிபந்தனை, இலைக்குள் டூத்பிக், ரப்பர் பேண்ட், கவர் எதுவும் இருக்கக் கூடாது. மாடு தின்றால் வயிற்றில் நின்றுவிடும். அதனால் எச்சில் இலை எடுக்கும் பையன் மடிப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துத்தான் மடிப்பான். எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை, வாங்குகிற ஆள் கேட்டார், செய்தோம்.

பார்சலில்தான் நான் தோற்றேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் தடை. அன்றே நிறுத்தினேன். பாத்திரம் கொண்டு வாருங்கள் என்று போர்டு வைத்தேன், கொஞ்ச நாள் கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கடையில் கவரில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்ததும் ஆட்கள் அங்கே போனார்கள். கொரோனாவுக்குப் பிறகு நானும் சாம்பாரைக் கவரில் கட்டினேன், ஒரு வருடம். தப்புத்தான். இப்போது தூக்குவாளி கொண்டு வந்தால் ஒரு கரண்டி கூட்டு அதிகம் என்று வைத்திருக்கிறேன், அது வேலை செய்கிறது. மஞ்சப்பைக்கு இயந்திரம் வைத்தால் மட்டும் போதாது, கவர் தயாரிக்கும் இடத்தை அடைக்காமல் கடைக்காரனிடம் மட்டும் அபராதம் போட்டுக்கொண்டிருந்தால் என்னைப் போன்றவன் திரும்பத் திரும்பச் சறுக்குவான்.

உலகனேரி

மெஸ் அண்ணன் சொன்னதில் முக்கியமானது, வாங்குகிற ஆள் கேட்டார் என்பது. நீலகிரியில் காலி மதுபாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று 2022-ல் கொண்டு வந்தார்கள், உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு. காட்டில் யானைக் காலில் ஏறிய பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பாட்டிலுக்கு விலை வைத்ததும் அது குப்பையாக இல்லாமல் போனது.

காலைவிசில்

எல்லாவற்றையும் படித்தேன். நான் அந்த வண்டியோடு போகிறவள். இருபது வருடமாகக் குப்பை எடுக்கிறேன், இப்போது எனக்குக் கீழே சில பேர் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தப் பகுதி என்று கேட்க வேண்டாம்.

வைகைவடகரை அக்கா, உங்கள் மாமியாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். எங்களுக்கும் அது பிடித்துச் செய்வது இல்லை. வெள்ளன அஞ்சரைக்கு வண்டி எடுத்தால் எட்டரைக்குள் அத்தனை தெருவும் முடிய வேண்டும், கணக்குப் போட்டால் ஒரு வாசலுக்கு அரை நிமிடம் கூட இல்லை. வண்டியில் தடுப்பு இருக்கிறது. ஆனால் ஈரப் பக்கம் மூன்றாவது தெருவிலேயே நிரம்பிவிடும், ஏனென்றால் கல்யாண மண்டபம், ஹோட்டல் குப்பையும் சில நாள் அதிலேயே ஏறும். நிரம்பினால் இன்னொரு பக்கம்தான் கொட்டுவோம், வேறு எங்கே கொட்டுவது? அதோடு முடிந்தது, அன்றைக்கு முழுக்கக் கலந்துவிடும்.

இன்னொன்று சொல்கிறேன். கையுறை போட்டிருந்தாலும் உடைந்த பாட்டில் ஏறும். சர்க்கரை நோய்க்காரர்கள் வீட்டு ஊசி ஏறும். போன வருடம் என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஊசி குத்தி, அவள் ஒரு மாதம் பயந்தே செத்தாள், ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். டயப்பரைச் சுற்றாமல் போடுவார்கள், காய்கறித் தோலோடு சேர்ந்து பிதுங்கும், அதை நாங்கள் விரலால் பிரிக்கிறோம். நாலு வாளி என்றதும் எல்லோரும் சலிக்கிறார்கள், எனக்கு அந்த மூன்றாவது வாளி கடவுள் கொடுத்த மாதிரி. பேப்பரில் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு போட்டாலே போதும் அக்கா, தொடாமல் எடுத்து வைத்துவிடுவேன்.

எங்களை யாரும் பிரித்தாயா என்று கேட்பதில்லை, எத்தனை டன் என்றுதான் கேட்கிறார்கள்.

உலகனேரி

அக்கா, உங்கள் கடைசி வரியில்தான் எல்லாமே இருக்கிறது. நாட்டில் பல ஊர்களில் குப்பை ஒப்பந்தம் டன் கணக்கில்தான் காசு கொடுக்கிறது. அள்ளிக்கொண்டு வந்து எடைமேடையில் ஏற்று, இவ்வளவு டன், இவ்வளவு ரூபாய். ஈரம் கனம். மண் கனம். பால் பாக்கெட் லேசு. பிரித்தால் எடை குறையும், ஈயம்பித்தளை அண்ணன் எடுத்துக்கொண்டால் இன்னும் குறையும், காசும் குறையும். ஒரு பக்கம் பிரி என்று விதி, மறுபக்கம் கலந்து கனமாகக் கொண்டு வா என்று பில். ஆட்கள் பில்லுக்குத்தானே வேலை செய்வார்கள்?

2026 விதிகளில் இதற்கு ஒரு பிடி இருக்கிறது. பிரிக்காத குப்பையைக் கொட்டும் கட்டணம், பிரித்துக் கொண்டு போய்ப் பதப்படுத்தும் செலவை விட அதிகமாக இருக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு 100 கிலோவோ அதற்கு மேலோ குப்பை வரும் மண்டபம், விடுதி, பெரிய அடுக்குமாடியெல்லாம் ஈரக் குப்பையை முடிந்த வரை தங்கள் இடத்திலேயே கையாள வேண்டும். மண்டபக் குப்பை வீட்டு வண்டியில் ஏறாமல் இருந்தாலே காலைவிசில் அக்காவின் தடுப்பு நிரம்பாது. சிமெண்ட் ஆலைகள் நிலக்கரிக்குப் பதில் கழிவிலிருந்து எடுத்த எரிபொருளை 5 சதவீதத்தில் தொடங்கி ஆறு வருடத்தில் 15 சதவீதம் வரை சேர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. விருதுநகர் பக்கம் சிமெண்ட் ஆலை இருக்கிறது, நமக்குத் தூரமில்லை. ஈயம்பித்தளை அண்ணன் வேண்டாம் என்று தள்ளும் அழுக்குத் துணி, ரெக்சின், சிப்ஸ் உறைக்கு அது கடைசி வழி. அதற்கும் காய்ந்திருக்க வேண்டும்.

பைபாஸ்காரன்

சரி, ஆலை விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் வெள்ளக்கல்லில் பழைய மலையைத் தோண்டிச் சலிக்க பயோமைனிங் என்று செலவு செய்கிறார்களே, அதுவும் வீணா?

கல்லூரிச்சாலை

வீண் இல்லை. பழைய குவியலைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காயவைத்து, உருளைச் சல்லடையில் ஓட்டினால் மண், கல், பிளாஸ்டிக், இரும்பு என்று பிரியும், நிலம் திரும்பக் கிடைக்கும். அவனியாபுரம் பக்கத்து ஜனங்கள் அந்தப் புகையையும் ஈயையும் எத்தனை வருடம் பொறுத்தார்கள், அவர்களுக்கு அது செய்தே ஆக வேண்டிய கடமை. என் கவலை வேறு. ஒரு பக்கம் தோண்டுகிறோம், மறுபக்கம் இன்று காலை கலந்த குப்பையைக் கொண்டு போய்க் கொட்டினால், பத்து வருடம் கழித்து அதையும் தோண்ட இன்னொரு டெண்டர் விட வேண்டும். பால் பாக்கெட்டை வாசலில் கழுவித் தனியாக எடுக்க ஆகும் செலவு ஒன்றுமில்லை, அதே பாக்கெட்டை மலைக்குள்ளிருந்து தோண்டி எடுக்கும்போது கிழிந்து, மண் அப்பி, எரிக்க மட்டும்தான் ஆகும்.

வைகைவடகரை

எல்லோருக்கும் நன்றி. காலைவிசில் அக்கா, நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். ‘அரை நிமிஷத்துல அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்’ என்றார். நான் கோபப்பட்டது வண்டிக்காரர்கள் மேல், அது தப்பு.

நான் செய்யப்போவது இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. கேள்வி மூன்று: வார்டு வாரியாக ஈரக் குப்பையும் உலர் குப்பையும் தனித்தனியாக எடை போடப்படுகிறதா? சேகரிப்பு ஒப்பந்தத்தில் காசு எதற்குக் கணக்கிடப்படுகிறது, மொத்த எடைக்கா, பிரித்த எடைக்கா? நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்களின் பட்டியல் வார்டு வாரியாக இருக்கிறதா? முப்பது நாளில் பதில் வர வேண்டும். பகுதி சபைக் கூட்டத்திலும் இதையே எழுதிக் கொடுப்பேன்.

உலகனேரி

இரண்டாவது கேள்வியில் ‘ஒப்பந்த நகலின் அந்தப் பக்கத்தைத் தருக’ என்று சேருங்கள். ஆமா, இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மனுவை எனக்கு அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.

ஈயம்பித்தளை

அக்கா, பதில் வரும் வரை பால் பாக்கெட்டை வண்டியில் போட வேண்டாம். மாமியாரைத் திரும்பக் கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்தால் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் நானே தராசோடு வருகிறேன், கேட் வாசலில் ஒரு சாக்கு மட்டும் கட்டி வையுங்கள்.

காலைவிசில்

சாக்கை மழை படாத பக்கம் கட்டுங்கள் அக்கா. போன ஐப்பசியில் ஒரு தெருவில் அப்படி மூன்று சாக்கு ஊறிப்போச்சு.

கொடிக்கால்

ஈரக் குப்பைக்கு அந்தப் பத்து வீட்டில் யாராவது தொட்டி போடுவதென்றால் சொல்லுங்கள், சாணமும் சருகும் நான் கொண்டு வருகிறேன். ஞாயிறு பரவைக்கு வண்டி வரும்.